எழுபதுக்குக் கீழே

இருபத்திமூன்றாம் நம்பர் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே அடைந்துகிடந்த அனல் அண்ணியின் முகத்தில் அறைந்தது. கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்த மாதிரி இருந்தது, ஈரம் மட்டும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்து எண்ணினாள். பிறகு டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி உள்ளே குனிந்தாள். விசிறி இறக்கைகளில் தூசி கம்பளித் துண்டுபோலத் திரண்டிருந்தது. அலுமினியத் தகடுகளின் இடுக்கில் தலைமுடி, பிஸ்கட் தூள், செத்த கரப்பான் ஒன்று. இத்தனையும் அடைத்துக்கொண்டால் எந்த இயந்திரம்தான் மூச்சு விடும்?

மதிய இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் முடித்தாக வேண்டும். தூசி ஊதும் புளோயரை எடுத்து மூலையிலிருந்து ஆரம்பித்தாள். தூசி சாம்பல் நிறத்தில் எழும்பியது. பக்கத்து முக்காலியில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்திருந்த நாத்தனார் கையால் அதை மூடிக்கொண்டாள்.

"அட்டவணையில என் பெட்டி அடுத்த மாசம்தானே அண்ணி?"

"அட்டவணைக்கா தலை சுத்துது? வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

வீட்டில் எல்லாரும் நாத்தனாரைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இந்தக் கூடத்திலிருந்த முப்பது பேருக்கும் இவள் அண்ணி ஆகிவிட்டாள். மேற்பார்வையாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பெட்டிகளைத் துடைப்பது, பழுது பார்ப்பது, சூடு ஏறாமல் காப்பது அவள் வேலை. எட்டு மாதமாக இங்கே இருக்கிறாள். சின்னவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

மூன்றாவது மாடி. ஒரு காலத்தில் துணிக் கிடங்காக இருந்த இடம். திரைகளில் வெளிச்சம் விழக் கூடாதென்று ஜன்னல்களுக்கெல்லாம் தகரம் அடித்திருந்தார்கள். முப்பது பெட்டி, முப்பது நாற்காலி. வேலை என்றால் விளையாடுவது. காசு இருந்து நேரம் இல்லாத யாரோ எங்கேயோ இருப்பார்கள். அவர்களுடைய விளையாட்டுக் கணக்கை வாங்கி, அவர்களுக்காக ஓநாய் கொன்று, தாதுக்கல் வெட்டி, வாளும் கேடயமும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். விளையாடச் சம்பளமா, கொடுத்து வைத்த கை என்பார்கள். தினமும் பத்து மணி நேரம் உடைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், திரைக்குள் இருந்தாலும் பாறை பாறைதான்.

விளையாட்டு ஓடும்போது பெட்டிக்குள் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு கொதிக்கும். எண்பத்தைந்து, எண்பத்தாறு டிகிரி. முப்பது பெட்டியும் ஒன்றாக ஓடினால் முப்பது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்த மாதிரிதான். கூடத்தில் இரண்டு ஏசி உண்டு. அவற்றைப் போட்டால் மெயின் ஸ்விட்ச் விழுந்துவிடும். ஆகவே அவை சுவருக்கு அழகாக இருந்தன.

நேற்று சின்னவள் கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அண்ணிதான் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. பெட்டியின் பின்வாசல் நேராக அவள் தொடையைப் பார்த்துத்தான் ஊதும். வயிற்றில் நான்காவது மாதம். அலுவலகத்துக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தொடர்ந்து நூற்றெண்பது நாள் முடித்தால் நிரந்தரம். நிரந்தரம் ஆகிவிட்டால் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வந்தால் அதே நாற்காலி. அதற்கு முன்னால் வயிறு தெரிந்துவிட்டால் கதை வேறு. பதினோராம் நம்பரில் இருந்த பெண்ணிடம், உன் பெட்டி பழுது, சரியானதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். அடுத்த நாளே அந்தப் பெட்டியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். சின்னவளுக்கு அன்று நூற்று அறுபத்தேழாவது நாள். அவள் புருஷன் வெளியூரில் ஒப்பந்தத்துக்கு வெல்டிங் வேலை செய்கிறவன். வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அவனும் இவள் தலையில்தான்.

அண்ணி கார்டைக் கழற்றினாள். சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புச் சில்லாக உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் பயறளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடினாள். பெட்டியை ஓடவிட்டு, கடைசியாக ஒரு காரியம் செய்தாள். விளையாட்டு நொடிக்கு நூற்று நாற்பது படம் காட்டிக்கொண்டிருந்தது. பாறை உடைக்க எதற்கு நூற்று நாற்பது? அறுபது போதுமென்று கட்டிப்போட்டாள். இது அவளாகக் கண்டுபிடித்த வழி. யாரிடமும் கேட்கவில்லை.

திரை மூலையில் சூட்டைக் காட்டும் எண் இறங்கியது. எழுபது, அறுபத்தாறு, அறுபத்தொன்று. அங்கேயே நின்றது.

சின்னவள் பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். "அண்ணி, காத்து சாதாரணமா வருதே."

அன்று சாயங்காலம் படியிறங்கும்போது, பல நாளைக்குப் பிறகு, அவள் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினாள்.

மறுநாள் இருபத்திரண்டாம் நம்பர்க்காரர் மோப்பம் பிடித்துவிட்டார். ஐம்பது தாண்டிய மனிதர், பேருந்து நடத்துநராக இருந்து முழங்கால் போனபின் இங்கே வந்தவர். அவர் பொறுப்பில் இருந்த கணக்கு, பச்சைக் கண்ணும் வெள்ளி முடியுமாக வில்லேந்திய ஒரு பெண்ணுடையது. அதனால் கூடத்தில் அவருக்கு இளவரசி என்று பெயர். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். தன் பெட்டியையும் குளிப்பாட்டிவிடச் சொல்லி அன்று முழுக்க நச்சரித்தார். வில்லை இழுத்தால் அவளுக்கு வியர்க்கிறதாம், மேக்கப் கலைகிறதாம். இந்த வாரக் கடைசியில் செய்கிறேன் என்றாள் அண்ணி. பேஸ்ட் தீர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் பன்னிரண்டரைக்கு மேற்பார்வையாளர் இருவரையும் கூப்பிட்டார். எந்தப் பெட்டி பீப் என்று கத்தினாலும் அடுத்த நொடி அங்கே நிற்பார் என்பதால் அவருக்கு அலாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூடத்தின் கோடியில், பாதிக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் மேசை. கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். அவர் பார்வை சின்னவளின் முகத்துக்கு வராமல் காகிதத்திலேயே இருந்தது.

"நேத்து எங்க போயிருந்தே?"

"எங்கயும் போகலையே சார்."

"முந்தாநாள் மதியத்துல இருந்து நீ இல்ல. நேத்து முழுசா இல்ல. ரெண்டு மஞ்சள் விழுந்திருக்கு."

தலைமை அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு மதியமும் முந்தின நாளின் அறிக்கை வரும். நாற்காலியில் ஆள் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். தொடர்ந்து மூன்று மஞ்சள் விழுந்தால் அதுவரை ஓடிய நாட்கணக்கு அழிந்து ஒன்றிலிருந்து தொடங்கும். முந்தாநாளைய மஞ்சளை இணையக் கோளாறு என்று நினைத்து அலாரம் விட்டுவிட்டார். இன்று இரண்டாவது வந்திருக்கிறது.

விசிறியில் மவுஸைக் கட்டுகிற வேலையெல்லாம் இப்போது எடுபடாது என்று அவர் ஆரம்பித்தார். போன வருஷம் நடந்த கூத்து அது. யாரோ ஒரு புத்திசாலி, தலையாட்டும் மேசை விசிறியில் நூலால் மவுஸைக் கட்டிவிட்டுக் கீழே போய் டீ குடித்துக்கொண்டிருந்தான். விசிறி தலையாட்ட மவுஸும் ஆடும், ஆள் இருப்பதாகவே பதிவாகும். ஒரு வாரத்தில் எட்டு விசிறிகளில் எட்டு மவுஸ் ஆடின. பிடிபட்ட பிறகு தலைமை அலுவலகம் ஆளைக் கண்டுபிடிக்கும் முறையை மாற்றியது. என்ன முறை என்று இங்கே யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு நூல் கண்டுபிடிப்பார்கள் என்ற பயம்.

சின்னவளுக்குக் குரல் எழும்பியது. "நேத்து ரெண்டு தடவ நீங்களே என் பின்னாடி வந்து நின்னீங்க சார். கையை வேகமா ஓட்டுன்னு சொன்னீங்க."

"நான் பாத்தேன்மா. அது பாக்கலையே."

"நாப்பத்திரண்டு தாதுக்கல் அனுப்பியிருக்கேன். ஆளில்லாத நாற்காலியா வெட்டிச்சு?"

"சரக்குக் கணக்கு வேற, இருப்புக் கணக்கு வேற."

அண்ணி காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். அதில் ஒரு கோடு. முந்தாநாள் காலை முழுக்க மேலே நடந்து, மதியம் பன்னிரண்டரைக்குச் செங்குத்தாகக் கீழே விழுந்து, அப்புறம் தரையோடு போயிருந்தது. குறுக்கே ஒரு புள்ளிக்கோடு. அதன் ஓரத்தில் எழுபது என்று போட்டிருந்தது. புள்ளிக்கோட்டுக்குக் கீழே 'ஆள் இல்லை' என்று அச்சடித்திருந்தார்கள். விழுந்த கோடு நின்ற இடம் அறுபத்தொன்று.

அந்தக் கோட்டை அவள் கையாலேயே அல்லவா இறக்கியிருந்தாள்.

"சார், இது ஆளு இல்ல. கார்டோட சூடு."

விளையாட்டு ஓடினால் கார்டு கொதிக்கும், சும்மா கிடந்தால் ஆறும். ஆகவே கொதித்தால் ஆள் இருக்கிறார், ஆறினால் இல்லை. அவ்வளவுதான் அவர்கள் முறை. கொதிக்காமலும் விளையாட முடியும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பெட்டியைத் துடைத்ததையும் படங்களைக் கட்டிப்போட்டதையும் அண்ணி சொல்லி முடித்தபோது அலாரம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண்குரல் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புகாரைப் பதிந்துகொண்டது. ஏழு வேலை நாளில் பதில் வருமாம். அதுவரை கணினி சொல்வதுதான் கணக்கு.

"நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுக்கிறேன் சார்."

"குடுங்க. கேக்காம மெஷினோட அமைப்பை மாத்தினீங்கன்னு உங்க வேலை போகும். இவ நாள் திரும்பி வராது. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் பேன் பாத்துக்கலாம்."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் எழுபதுக்கு மேல இருந்தா பச்சை. இப்ப மணி பன்னிரண்டு அம்பது. ஆறு மணிக்கு எல்லாத்தையும் அணைச்சுடுவாங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

இருவரும் கிட்டத்தட்ட ஓடினார்கள். வேறு பெட்டிக்கு மாறவும் வழியில்லை. பெயரும் நாற்காலி எண்ணும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. சின்னவள் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்தாள். அண்ணி முதலில் படங்களின் கட்டை அவிழ்த்துவிட்டாள். நொடிக்கு நூற்று நாற்பது. எண் ஏறியது. அறுபத்தைந்து, அறுபத்தேழு, அறுபத்தெட்டு. அங்கே நின்று அடம் பிடித்தது.

அண்ணி அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தாள்.

ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, முன்பக்கம் காற்று நுழையும் சல்லடையில் வைத்து டேப் ஒட்டினாள். எழுபத்திரண்டு. மணி ஒன்று ஆக நான்கு நிமிடம். சின்னவள் மூச்சு விட்டாள். ஆனால் ஒரு குகையிலிருந்து இன்னொரு குகைக்குப் போகும்போதெல்லாம் திரை கறுத்து, லோடிங், லோடிங் என்று காட்டும். அந்தப் பதினைந்து நொடியில் எண் அறுபத்தொன்பதுக்கு விழுந்தது. இப்படிச் சில்லறை சில்லறையாகக் கழிந்தால் ஐந்து மணி நேரம் எப்படித் தேறும்? அண்ணி மேல்விசிறியின் கம்பியைப் பிடுங்கினாள். கார்டு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். எட்டு மாதமாக எதையெதைச் செய்யக் கூடாது என்று மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாளோ அதையெல்லாம் வரிசையாகச் செய்தாள். எழுபத்தெட்டு. எண்பத்தொன்று. எண்பத்து மூன்று.

பின்வாசலிலிருந்து அனல் மறுபடி சின்னவளின் தொடையைப் பார்த்து ஊத ஆரம்பித்தது. கூடத்தின் மற்ற இருபத்தொன்பது பெட்டிகளோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

இரண்டு மணி வரை அவள் பேச்சும் சிரிப்புமாகத்தான் இருந்தாள். இப்படி அவித்தால் பிள்ளை வெந்தே பிறக்கும் என்றாள் மெல்ல. அண்ணி அவள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்து கழுத்தில் போட்டாள். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை அதை மாற்றினாள். எடுக்கும்போது துணி வெதுவெதுவென்று இருந்தது.

இரண்டே முக்காலுக்குச் சின்னவளுக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியின் ஒவ்வொரு திருகையும் தெரிந்தவளுக்கு விளையாட்டில் நாலு அடி நடக்கத் தெரியாது. குகை வாசலிலேயே ஓர் ஓநாய் பாய்ந்து ஆளைக் கொன்றுபோட்டது. திரை சாம்பல் நிறமாகி அசையாமல் நின்றது. எண் எண்பதிலிருந்து சரிந்தது. எழுபத்து நான்கு, எழுபத்தொன்று, எழுபது. பக்கத்தில் இளவரசி எட்டிப் பார்த்து, "பாயிற நாய்கிட்ட நின்னு ஏன் அண்ணி பேசறீங்க" என்றார். அவள் சிரிக்கவில்லை. சின்னவள் பாதி நனைந்த முகத்தோடு ஓடிவந்து அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு சின்னவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். குடித்தால் போக வேண்டி வரும், போனால் சூடு இறங்கும். பாட்டிலை நீட்டிய அண்ணியின் கையைப் பார்க்காமலே தள்ளினாள். அண்ணியும் வற்புறுத்தவில்லை. அவள் கண்ணும் எண்ணில்தான் இருந்தது.

மூன்றரை. மூன்றே முக்கால். சின்னவளின் விரல்கள் விசைப்பலகையில் தப்புத் தப்பாக விழ ஆரம்பித்தன. வியர்வை நின்றுபோயிருந்தது. அண்ணி அதை நல்ல அறிகுறி என்று நினைத்தாள். துணியை மாற்றக் கழுத்தைத் தொட்டபோது தோல் காய்ந்து, பெட்டியின் தகட்டைத் தொட்ட மாதிரி சுட்டது.

"அண்ணி, எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

சொல்லிக்கொண்டே அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். இளவரசி நாற்காலியோடு தாவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் மேசை விளிம்பில் நெற்றி இடித்திருக்கும். இருவருமாக அவளைத் தரையில் படுக்கவைத்தார்கள். உதட்டில் தண்ணீர் விட்டதும் கண் திறந்தாள். திறந்ததும் அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினாள். வலிக்கிறதா என்று அண்ணி கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அலாரம் வந்துவிட்டார். அவளுடைய கை இருந்த இடத்தைப் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். எதுவும் கேட்காமல் கீழே போய் வண்டி பிடித்தார். அண்ணி அவளைத் தூக்குவதற்குக் குனிந்தாள். சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் வலுவில்லை.

"நீங்க வராதீங்க அண்ணி."

"பேசாம இருடி."

"சொல்றதக் கேளுங்க. பக்கத்து நாற்காலி அண்ணன் கூட்டிட்டுப் போகட்டும். நீங்க பெட்டியப் பாத்துக்கங்க. எழுபதுக்குக் கீழ விட்டுடாதீங்க. இவ்வளவு நேரம் வெந்தது வீணாயிடும்."

அண்ணி நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அவளையறியாமல்தான் பார்த்தாள். எழுபத்து மூன்று, இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஓநாயோடு சண்டை போடத் தெரியாது.

இளவரசி சின்னவளின் தோளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கியபடியே சொன்னார்: "சண்டையெல்லாம் வேணாம். துறைமுகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துங்க. தண்ணி, கப்பல், விளக்கு, ஆயிரம் பேர் நடக்கிறாங்க. சும்மா நின்னாலே மெஷின் கொதிக்கும். அங்க உங்கள எதுவும் கடிக்காது."

அவர் முழங்காலை இழுத்து இழுத்து அவளைத் தாங்கிக்கொண்டு படியிறங்குவது கேட்டது. இருபத்தாறாம் நம்பர்க்காரி மறுபக்கம் பிடித்திருந்தாள். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தில் துறைமுகத்தைத் தேடினாள். கண்டுபிடித்து அழுத்தினாள். திரை கறுத்தது, எண் எழுபதைத் தொட்டது. பிறகு கடல் விரிந்தது. அந்தி வெயில் அலையலையாக உடைந்தது. நூறு பாய்மரக் கப்பல்கள், தூணுக்குத் தூண் தீப்பந்தங்கள், கூடை சுமந்து போகிற கூட்டம். பார்க்க அழகான இடந்தான். எண் ஏறத் தொடங்கியது. எழுபத்தெட்டு. எண்பத்து நான்கு. அங்கேயே நின்றது.

அவள் கையை எடுத்துவிட்டாள். எண் அசையவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டடி பின்னால் போய் நின்றாள். அப்போதும் எண்பத்து நான்கு. அலாரம் மேலே வந்து பக்கத்தில் நின்றார். காலியான நாற்காலியையும் திரையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்து வரிசையிலிருந்த மேசை விசிறியின் காற்று இந்தப் பெட்டிமேல் படாதபடி அதன் தலையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு இளவரசி போன் செய்தார். டாக்டரம்மா உள்ளே கூட்டிப்போயிருக்கிறார், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். ஆறேகாலுக்கு அண்ணி மருத்துவமனை நடைகூடத்தில் இருந்தாள். சின்னவள் கையில் ஊசியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொஞ்சம் ரத்தம் பட்டிருந்தது. உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் எப்படி விட்டீர்கள், வெயிலில் செங்கல் சுமக்கிறாளா என்று டாக்டரம்மா கேட்டார். விளையாடுகிற வேலை என்று எப்படிச் சொல்வது? அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். பத்து நாள் அசையாமல் படுக்க வேண்டும். தங்கினால் தங்கும். இப்போது எதையும் சொல்ல முடியாது.

டாக்டரம்மா போனதும் சின்னவள் திரும்பினாள். "பச்சையா?"

"நாளைக்கு மதியந்தான் தெரியும்."

"இன்னைக்கு நூத்தி அறுபத்தொன்பது. அப்ப இன்னும் பதினொண்ணு." விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். "டாக்டர் பத்துங்கிறாங்க. நான் வரலைன்னா மஞ்சளாயிடுமே அண்ணி."

அண்ணி அவளுடைய ஊசி போட்ட கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணி மேலே ஏறினாள். இருபத்திமூன்றாம் நம்பரைப் போட்டாள். சின்னவளின் பெயரை அடித்து உள்ளே போனாள். துறைமுகத்தைத் தேடி ஆளைக் கொண்டுபோய்ப் படித்துறையில் நிறுத்தினாள். முப்பத்தெட்டிலிருந்து எண் ஏறியது. ஐம்பது. அறுபத்திரண்டு. எழுபத்தொன்று. நாற்காலியை மேசைக்குள் சரியாகத் தள்ளிவிட்டு, தன் கருவிப்பையை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பருக்குப் போனாள். அட்டவணைப்படி அன்று ஏழாம் நம்பரின் தூசி எடுக்கும் நாள். மேல்தூசியை மட்டும் எடுத்தாள். பேஸ்ட்டைத் தொடவில்லை. நடுவில் இரண்டு தடவை இளவரசி தான் வெட்டிய தாதுக்கல்லில் கொஞ்சத்தைச் சின்னவளின் கணக்குக்குத் தள்ளிவிட்டார். இருபத்தாறும் தள்ளிவிட்டாள்.

பன்னிரண்டரைக்கு அலாரம் தன் மேசையிலிருந்து கையசைத்தார். அறிக்கை வந்திருந்தது. இருக்கை இருபத்திமூன்று, இருந்த நேரம் ஐந்து மணி இரண்டு நிமிடம், பச்சை. கோடு ஒரு மணியிலிருந்து நான்கு வரைக்கும் பல் போன சீப்பு மாதிரி ஏறி இறங்கியது. நான்குக்கு மேல் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராகப் போயிருந்தது. அடியில் தலைமை அலுவலகம் ஒரு வரி சேர்த்திருந்தது. மாலை இரண்டு மணி நேரமும் சிதறாத கவனத்துடன் பணியாற்றியமைக்குப் பாராட்டு.

"இருக்கைக்கு மேல ஒட்டச் சொல்லியிருக்காங்க. மத்தவங்க பாத்துக் கத்துக்கணுமாம்" என்றார் அலாரம். அவர் முகத்தில் எதுவும் இல்லை.

அண்ணி காகிதத்தை வாங்கிப் போய்ச் சுவரில் வைத்து, உள்ளங்கையால் நீவி, மேல்முனைகள் இரண்டையும் ஒட்டினாள். கூடத்தில் எல்லாரும் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திமூன்றில் கடல் மின்னியது. யாரும் இல்லாத நாற்காலியைப் பார்த்துப் பெட்டி அனலை ஊதிக்கொண்டிருந்தது. அந்த அனலில் காகிதத்தின் கீழ்விளிம்பு விடாமல் படபடத்தது.